தோள் ஆறும் காலம் யார் கணக்கில்?

"கத்தி வெச்சாப் போதும், மூணு மாசத்துக்கு நூறு பர்சென்ட். சம்பளத்தோட லீவு மாதிரிதான். எல்லாம் நம்ம வரிப்பணம்." டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு வீட்டுக் கொலுவில், சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நண்பர் இப்படிச் சொன்னார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். இன்னொருவர், தன் தெருவில் 'ஊனமுற்ற முன்னாள் படைவீரர்' என்று நம்பர் பிளேட் போட்ட வண்டி நிற்பதையும், அதன் சொந்தக்காரர் காலையில் ஓடப் போவதையும் சேர்த்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பண்டிகை வீட்டில் எதற்குச் சண்டை என்று இருந்துவிட்டேன். அன்று மத்தியானம்தான் அப்படி அறுவை முடிந்த முன்னாள் படைவீரர் ஒருவருக்குச் சட்டைக் கையை மாட்டிவிட்டு வந்திருந்தேன். அங்கே வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை முடிந்து வீட்டில் இருப்பவர்களுக்கு வீடு தேடிப்போய் உடற்பயிற்சி தருவது என் தொழில். சான் அன்டோனியோ ராணுவத்தார் ஊர். நான் ஏறி இறங்கும் படிகளில் பல, முன்னாள் படைவீரர்களின் வீட்டுப் படிகள்.

நண்பரின் பேச்சு அவர் மட்டும் பேசுவதல்ல. அமெரிக்காவில் ராணுவப் பணியால் வந்த ஊனத்துக்கு மாதத்தொகை வாங்குவோர் இன்று அறுபது லட்சத்துக்கும் மேல். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இது பாதியைக்கூடத் தொடவில்லை. 2025 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் இந்தத் திட்டத்தில் நடக்கும் ஏமாற்றுகளைப் பற்றித் தொடராக எழுதியது. பற்றாக்குறையைக் குறைக்க என்னென்ன செய்யலாம் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் போடும் பட்டியல்களிலும் இந்தத் தொகை வருகிறது. இல்லாத வலியைச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள் உண்டு. நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவர்களும் உண்டு. அதை மறைத்து நான் வாதாடப்போவதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை, அறுவை முடிந்து படுத்திருப்பவனுக்குக் கொடுக்கும் தற்காலிகத் தொகையின் மேல் கொட்டுவது அநியாயம். மொத்தத் திட்டத்திலும் ஏமாற்றக் கடினமான மூலை அதுதான்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கூட்டாட்சி ஒழுங்குவிதிகளின் 38ஆம் தொகுப்பில் 4.30 என்று ஒரு பிரிவு. பழகியவர்கள் 'பாரா 30' என்பார்கள். ராணுவப் பணியால் வந்தது என்று முன்பே ஏற்கப்பட்ட ஊனத்துக்குச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். அது அறுவை என்றால் அதிலிருந்து தேறக் குறைந்தது ஒரு மாதம் பிடிக்க வேண்டும். அல்லது புண் முழுக்க ஆறாமலோ, பெரிய மூட்டு ஒன்றை அசைக்காமல் கட்டியோ, ஊன்றக் கூடாதென்று கட்டைக்கோலிலோ சக்கர நாற்காலியிலோ, வீட்டை விட்டு வெளியேற முடியாமலோ இருக்க வேண்டும். அறுவை இல்லாமல் பெரிய மூட்டுக்கு மாவுக்கட்டு போட்டாலும் பொருந்தும். அப்போது அந்த முன்னாள் படைவீரரின் மாதத்தொகையைத் தீர்மானிக்கும் ஊன மதிப்பீடு நூறு சதவீதமாக உயரும். மருத்துவமனையிலிருந்து வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு. இன்னும் தேறவில்லை என்று சான்று இருந்தால் நீட்டிப்பு உண்டு.

"எந்த ஆபரேஷனுக்கும் கொடுக்கிறார்கள்" என்ற பேச்சு இந்த முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. முன்னாள் படைவீரர் பித்தப்பையை எடுத்துக்கொண்டால் இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது, அந்தப் பித்தப்பை நோய் பணியோடு தொடர்புடையது என்று முன்பே ஏற்கப்பட்டிருந்தால் ஒழிய. ஏமாற்றுப் பேச்சும் இங்கே நிற்காது. முதுகுவலியை நடிக்கலாம், தூக்கமில்லை என்று பொய் சொல்லலாம். தோளைத் திறந்து தசைநாணை எலும்போடு தைத்ததை யாரும் நடிக்க முடியாது. அறுவைக் குறிப்பு இருக்கிறது, மயக்க மருந்துப் பதிவு இருக்கிறது, தேதி இருக்கிறது, தழும்பு இருக்கிறது.

நான் சட்டை மாட்டிவிட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். பீரங்கிப் படையில் இருந்தவர். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ; ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஆண்டுக்கணக்கில் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து பீரங்கியின் பின்வாய்க்கும் தூக்கியவர். இரண்டு தோளும் போயின. இரண்டுக்கும் சேர்த்து 40 சதவீத மதிப்பீடு. இப்போது ஒரு உதிரிபாகக் கிடங்கில் வேலை. தனியாக வசிக்கிறார். வலது தோளில் நாண் கிழிந்து, அறுவை முடிந்து மூன்றாவது வாரம் அது.

அவர் ஹாலில், சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறார். தோளைத் தைத்துக்கொண்டவர்கள் பலரால் கட்டிலில் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் கை பின்னால் இழுத்துக் குத்தும். பக்கத்து ஸ்டூலில் மாத்திரைக் குப்பி. குழந்தைகள் திறக்காதபடி அமுக்கித் திருகும் மூடி. ஒரு கையால் அதை எப்படித் திறப்பது? குப்பியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது உள்ளங்கையால் அமுக்கித் திருகுகிறார். மூன்று தடவைக்கு ஒரு தடவை மாத்திரை தரையில் சிதறுகிறது. குனிந்து பொறுக்க நான் வரும்வரை காத்திருக்கிறார். ஷூவுக்கு லேஸை எடுத்துவிட்டார். முகத்தைப் பாதிதான் மழித்திருந்தார். இடது கைக்குப் பழக்கமில்லை. வலது கையை நான்தான் தாங்கித் தூக்குவேன், அவர் அதைத் துணி மாதிரித் தொங்கவிட வேண்டும். தானாகத் தூக்க முயன்றால் தைத்த இடம் பிய்யும். ஆறு வாரம் ஸ்லிங். சொந்தப் பலத்தில் பயிற்சி தொடங்க ஏறக்குறைய பன்னிரண்டு வாரம். கிடங்கில் பெட்டி தூக்கும் அளவுக்கு வர ஐந்து ஆறு மாதம். இதைத்தான் சம்பளத்தோடு லீவு என்கிறார்கள்.

அவர் இந்த அறுவையை நான்கு வருடம் தள்ளிப்போட்டார். வலிக்குப் பயந்தல்ல, வேலையை விட்டு அத்தனை மாதம் இருக்க முடியாது என்று. பாரா 30 என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தோள் நாண் கிழிசல் காத்திருக்காது. சின்னக் கிழிசல் பெரிதாகும். அறுந்த நாண் உள்ளே சுருங்கும். அதன் தசை மெல்ல மெல்லக் கொழுப்பாகும். ஒரு கட்டத்துக்கு மேல் தைக்கவே முடியாது, தோளை மாற்றத்தான் வேண்டும். 'அவசரமில்லாத, திட்டமிட்ட அறுவைதானே, வேண்டுமென்று செய்துகொள்கிறார்கள்' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவில் 'திட்டமிட்டது' என்றால் தேதி குறித்துச் செய்வது என்றுதான் பொருள். மூன்று மாதப் பணத்துக்காக எலும்பில் திருகாணி இறக்கிக்கொள்ளும் மனிதரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. பணமில்லாமல் தள்ளிப்போட்டு, தைக்கவேண்டியதைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கெட்ட தோளுக்கு அரசு வாழ்நாளெல்லாம் மாதத்தொகை கொடுக்கும். வரிப்பணம் என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

இனி அந்தப் பணம் எவ்வளவு? 2025இல் நடப்பிலிருந்த விகிதப்படி, குடும்பச் சேர்க்கை இல்லாத ஒருவருக்கு நூறு சதவீதம் என்றால் மாதம் 3,831 டாலர் 30 சென்ட். 40 சதவீதம் என்றால் 774 டாலர் 16 சென்ட். 'நூறு சதவீதம்' என்ற சொல்லைக் கேட்டு மலைக்கிறவர்கள், பழைய தொகை இதற்குள் அடங்கிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கூடுதலாக வருவது 3,057 சொச்சம். அதுவும் மூன்று மாதத்துக்கு. முழுநேர வேலை பார்க்கும் அமெரிக்கரின் வாரச் சம்பளத்தில் நடுமதிப்பு 2024 கடைசியில் சுமார் 1,190 டாலர். மாதத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். படைவீரர் தொகைக்கு வரி இல்லை, உண்மைதான். டெக்சஸ் தொழிலாளியின் சம்பளத்தில் வரியையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இந்த 3,831 அதற்குக் கீழேதான் நிற்கிறது. மற்றபடி, குடும்பத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசப்படும் பெரிய சலுகைகள் நிரந்தரமான முழு ஊனத்துக்கு உரியவை. மூன்று மாத நூறு சதவீதம் அந்தக் கதவுகளைத் திறப்பதில்லை.

"எல்லாரும்தான் ஆபரேஷன் பண்ணிக்கிறாங்க, நமக்கு யார் கொடுக்கிறா?" என்று கொலு வீட்டில் ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. டெக்சஸில் அரசு எதுவும் கொடுப்பதில்லை என்பதுதான் பதில், அதில் எனக்கும் கோபம் உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் பன்னிரண்டு வாரம் விடுப்பு தருகிறது; சம்பளம் கிடையாது. சமூகப் பாதுகாப்பு ஊன உதவி கேட்டால், ஊனம் பன்னிரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும் என்கிறார்கள், அதிலும் முதல் ஐந்து மாதம் காத்திருப்பு. வேலையில்லாதோர் உதவி கேட்கலாமா என்றால், வேலை செய்யத் தயாராக இருப்பவனுக்குத்தான் அது. தற்காலிக ஊனக் காப்பீட்டை ரோட் ஐலண்ட் 1942இலேயே கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 1946இல், நியூ ஜெர்சி 1948இல், நியூயார்க் 1949இல். டெக்சஸில் அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. நான்கு மாதம் கையைத் தூக்க முடியாத கிடங்குத் தொழிலாளி இந்த மாநிலத்தில் எல்லா வலையின் ஓட்டை வழியாகவும் விழுகிறான். பாரா 30 அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு பகுதியினருக்குப் போட்ட பலகை. மற்றவர்களுக்குப் பலகை இல்லையே என்று இருக்கிற பலகையைப் பிடுங்கினால் யாருக்கு லாபம்?

அந்தப் பலகையை முதலில் முன்னாள் படைவீரர்களுக்குப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அந்தக் காரணம் புதிதே இல்லை. என் அப்பா கோவையில் மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். இன்றைய இ.எஸ்.ஐ. விதியைப் பாருங்கள். காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. வேலை செய்யும்போது அடிபட்டால் 90 சதவீதம், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க. இரண்டும் நோய்தான், இரண்டிலும் படுக்கைதான். ஆனால் வேலை கொடுத்த காயத்துக்கு வேலை கொடுத்தவர் கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது மில் வாசலில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். பீரங்கிப் படை அவர் தோளுக்குக் கொடுத்த காயம் இருபது வருடம் கழித்துத்தான் கத்திக்கு வந்தது என்பதால், அந்தப் பொறுப்பு காலாவதியாகிவிடுமா?

நான் திணறுகிற வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி, வேலைக்குப் போகவில்லை என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. மேசை வேலை பார்க்கும் முன்னாள் அதிகாரி ஒருவர், தோளைத் தைத்துக்கொண்டு, பத்தாம் நாளே வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை பார்த்துச் சம்பளமும் வாங்கி, இந்தத் தொகையையும் வாங்கலாம். தேறும் காலம் என்றால் வீட்டுக்குள்ளேயே கிடப்பதுதான் என்று பொருளில்லை என 1998இல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'அவருக்கு எதற்கு?' என்று நண்பர் கேட்டால், கேள்வி புரிகிறது. ஆனால் இந்தத் திட்டம் முழுவதும் சராசரியின் மேல் கட்டப்பட்டது. குறிப்பிட்ட ஊனம் பொதுவாக ஒருவரின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கும் என்பதுதான் அளவுகோல். குறிப்பிட்ட மனிதர் எவ்வளவு இழந்தார் என்பதல்ல. அதனால்தான் வலது கை விரல் போன தச்சனுக்கும் அதே விரல் போன வக்கீலுக்கும் ஒரே தொகை. தச்சன் தன் பிழைப்பையே இழந்தாலும் இதே அட்டவணைதான் அவனுக்கும். சராசரி தச்சனைக் கைவிடும்போது பேசாமல் இருந்துவிட்டு, அதிகாரிக்குச் சாதகமாகும்போது மட்டும் தனிக்கணக்குக் கேட்பது நேர்மையா? தனித்தனியாக நட்டம் பார்ப்போம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அப்போது நான் போகும் வீடுகளில் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் அதிகம் கொடுக்க வேண்டி வரும்.

தாராளம் என்று சொல்லப்படுவது ஏற்கெனவே குறைக்கப்பட்டது என்பதை இந்தப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. முழங்கால் மாற்றினாலும் இடுப்பு மூட்டு மாற்றினாலும் முன்பு ஒரு வருடம் நூறு சதவீதம் உண்டு. 2021 பிப்ரவரி 7 முதல் அது நான்கு மாதம். பாரா 30 தரும் முதல் ஒரு மாதத்தையும் சேர்த்தால் ஐந்து. மருத்துவம் முன்னேறிவிட்டது, சீக்கிரம் தேறுகிறார்கள் என்பது காரணம். அறுவை முன்னேறியது உண்மை. மருத்துவமனையில் இருக்கும் நாளும் குறைந்துவிட்டது. முழங்கால் மாற்றியவர் மறுநாள் வீட்டில் இருக்கிறார், சிலர் அன்று மாலையே. இதே தொகுப்பின் 4.29ஆம் பிரிவு 21 நாளுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தால் நூறு சதவீதம் தருகிறது. அது வார்டில் வாரக்கணக்கில் படுத்திருந்த காலத்து விதி. இன்று மூட்டு மாற்றிய யார் 21 நாள் இருக்கிறார்கள்? வெளிநோயாளியாக வந்து அறுவை செய்துகொண்டு போகிறவர்களைப் பாரா 30இல் சேர்த்ததே 1989 மார்ச் 1 முதல்தான். வார்டில் நர்ஸ் செய்ததை இப்போது வீட்டில் மனைவி செய்கிறார். தனியாள் என்றால் முழங்காலுக்கு நடுவில் குப்பியை இடுக்கிக்கொண்டு தானே செய்கிறார். படுக்கைச் செலவு மருத்துவமனைக் கணக்கிலிருந்து குறைந்ததே தவிர, உடம்பு ஆற எடுக்கும் நாள் அந்த அளவுக்குக் குறையவில்லை. தைத்த நாண் எலும்போடு ஒட்ட ஆகும் வாரங்களை எந்தக் கருவியும் பாதியாக்கிவிடவில்லை.

நூறு சதவீதம் முடிவதும் சத்தமில்லாமல் நடக்கிறது. வழக்கமாக ஒருவரின் மதிப்பீட்டைக் குறைத்துத் தொகையைக் கழிக்கப்போகிறார்கள் என்றால் முன்கூட்டி அறிவித்து, எதிர்ச்சான்று தர அறுபது நாள் தர வேண்டும். பாரா 30 அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டது. மாதம் முடிந்தால் தொகை பழைய இடத்துக்கு இறங்கிவிடும். கை இன்னும் தோள் உயரத்துக்கு எழவில்லை என்றால், நீட்டிப்புக் கேட்டு மருத்துவச் சான்று அனுப்ப வேண்டியது படுத்திருப்பவர் பொறுப்பு.

அந்தச் சான்றில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நம் பீரங்கிக்காரருக்கு மருத்துவமனை கொடுத்த தாளை அவர் வீட்டு மேசையில் நானே படித்தேன். புண்ணை நனைக்க வேண்டாம், ஐஸ் வைக்கவும், இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கவும். எத்தனை வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு வரி இல்லை. அந்த மருத்துவர் கெட்டவரல்ல, அருமையாகத் தைத்திருந்தார். நாளெல்லாம் தோள் பார்க்கிறவருக்கு, நான்கைந்து மாதம் பெட்டி தூக்க முடியாது என்பது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. ஆனால் கோப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர் நோயாளியின் தோளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். இரண்டு வாரம் என்று மட்டும் இருக்கும் தாளில் ஒரு மாதத் தேறுகாலத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? அறுவைக்கூடத்திலிருந்து அனுப்பும் தாளிலேயே, பணிசார் ஊனத்துக்குச் செய்த அறுவை என்றால் வேலை விலக்கு வாரங்களை எழுதும் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு வரி போதும். ஏமாற்றைப் பிடிக்கவும் அதே வரிதான் உதவும்.

பீரங்கிக்காரர் திரும்ப அந்த மருத்துவரின் அலுவலகத்துக்குப் பேசி, சொல்லவேண்டியதைச் சொல்லி, கடிதம் வாங்கினார். விண்ணப்பம் போட்டார். தொகை கிடைத்தது.

போன வாரம் போனபோது வலது கையால் கதவைத் திறந்தார். காபிக் குவளையை மேல் அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னேன். தோள் லேசாகத் தூக்கிக்கொண்டாலும் எடுத்துவிட்டார். இடது தோளுக்கு மே மாதம் தேதி குறித்திருக்கிறார்கள். "இந்தத் தடவை முன்னாடியே கேட்டு வாங்கிடறேன், என்ன எழுதச் சொல்லணும்?" என்றார். பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் ஸ்லிங். அதுவரை கார் ஓட்டக் கூடாது. பன்னிரண்டு வாரம் எடை கூடாது. கிடங்கு வேலைக்குத் திரும்பக் குறைந்தது ஐந்து மாதம். அறுவைத் தேதி, மருத்துவர் கையெழுத்து. அவர் அதை இடது கையாலேயே நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.